கன்வர்ட்டரையும் சேர்த்து வடியுங்கள்: மெர்சிடிஸ் டபிள்யூ 123 ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் மாற்றுதல்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றும்போது வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். பழைய ஆயிலில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். அல்லது புது ஆயிலை ஊற்றிய பிறகு அளவைத் தப்பாகப் பார்த்திருப்பார்கள். போல்ட்டைக் கழற்றுவது, ஃபில்டரை மாற்றுவது, பானைத் துடைப்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியவை. அதனால் இந்த அத்தியாயத்தில் அந்த இரண்டு இடங்களில் அதிக நேரம் நிற்போம்.

எடுத்துக்கொண்டிருக்கும் வண்டி மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 123. 1976 ஜனவரியில் வெளிவந்து, சுமார் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாரானதால், உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. பாகம் கிடைக்கிறது, கையேடு கிடைக்கிறது. அதைவிட முக்கியம், ஆயிலை வீட்டிலேயே முழுமையாக மாற்றிக்கொள்ளும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள். தொடக்க வருட வண்டிகளில் 722.1 என்ற பெட்டி இருக்கும். 1980களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு 722.3 வந்தது. இரண்டும் நான்கு கியர் பெட்டிகள்தான். ஆனால் கொள்ளளவும் ஃபில்டரும் கேஸ்கட்டும் வேறு. ஆயில் பானின் விளிம்புக்கு மேலே, பெட்டியின் உடம்பிலேயே எண் பொறித்திருக்கும். அழுக்கைச் சுரண்டிவிட்டு அதைப் படித்த பிறகே பாகம் வாங்கப் போங்கள். கடைக்காரரிடம் "123-க்கு ஃபில்டர்" என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும். இங்கே சொல்லும் அளவுகள் 722.3-க்கு உரியவை.

இந்தச் சிவப்பு ஆயில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பின்னால் வரும் எச்சரிக்கைகளுக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்காது. எஞ்சினின் சக்தியை டார்க் கன்வர்ட்டர் வழியாகக் கடத்துவது இதுதான். கிளட்ச் தட்டுகளையும் பிரேக் பேண்டுகளையும் அழுத்திப் பிடிக்கும் அழுத்தமும் இதிலிருந்தே வருகிறது. உள்ளே சுழலும் எல்லாவற்றுக்கும் மசகு இதுதான், சூட்டை ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குக் கொண்டுபோய் விடுவதும் இதுதான். இவை போதாதென்று, கிளட்ச் எவ்வளவு வழுக்கிவிட்டுப் பிடிக்க வேண்டும் என்பதையும் ஆயிலில் கலந்திருக்கும் ஒரு ரசாயனம்தான் தீர்மானிக்கிறது. ஒருகாலத்தில் அந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெய்க்குத் தடை போட்ட பிறகு மாற்று தேட வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் 2 வந்தது அந்தச் சமயத்தில்தான். நம் 123-க்குக் கம்பெனி சொன்ன தரமும் அந்த வரிசையைச் சேர்ந்ததே.

எந்த டப்பாவை வாங்குவது?

டெக்ஸ்ரான் 3 தரத்துக்கு ஒத்த மினரல் ஆயில் போதும். டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. அதனால் இன்று டப்பாவில் பார்ப்பது தயாரிப்பாளர் தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளும் வாசகம். பெயர் தெரிந்த கம்பெனியாகப் பார்த்து வாங்கச் சொல்வது அதனால்தான். பின்புறத்தில் மெர்சிடிஸின் 236.6 அல்லது 236.1 என்ற எண் அச்சாகியிருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வந்த டெக்ஸ்ரான் 6 பழையவற்றுக்கும் போடலாம் என்பார்கள். அது கொஞ்சம் மெல்லிய ஆயில். நாற்பது வருடம் தேய்ந்த சீல்களும் பம்பும் உள்ள பெட்டிக்கு என் தேர்வு அதுவல்ல.

நம் ஊர் ஆயில் கடைகளில் இன்னொரு குழப்பம் உண்டு. லாரி, டிராக்டர்களின் பவர் ஸ்டியரிங்குக்கு விற்கும் சிவப்பு ஆயிலும் 'ஏடிஎஃப்' என்ற பெயரிலேயே அலமாரியில் இருக்கும். அதில் டைப் ஏ என்று போட்டிருந்தால் அது டெக்ஸ்ரானுக்கு முந்தைய தலைமுறைத் தரம். நிறம் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்று என்று ஆகிவிடாது. பழைய ஃபோர்டுகளுக்கான டைப் எஃப் ஆயிலும் சிவப்புதான், ஆனால் அதில் மேலே சொன்ன வழுக்கல் ரசாயனம் கிடையாது. டெக்ஸ்ரானுக்காகக் கட்டிய பெட்டியில் அதை ஊற்றினால் ஒவ்வொரு கியரும் உதைத்துக்கொண்டு விழும்.

கன்வர்ட்டரையும் வடித்தால் 722.3-க்குள் திரும்பப் போவது ஏறக்குறைய 6 லிட்டர். 7 லிட்டர் வாங்கி வையுங்கள். கூடவே ஃபில்டரும் பான் கேஸ்கட்டும் அடங்கிய கிட், இரண்டு ட்ரெயின் பிளக்குகளுக்கும் புது வாஷர், 5 மி.மீ. ஆலன் சாக்கெட், கிராங்க் புல்லியைத் திருப்ப 27 மி.மீ. சாக்கெட், சின்ன அளவுகளைக் காட்டும் ஒரு டார்க் ரென்ச், டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையும் நீளமான மெல்லிய புனல் ஆகியவை வேண்டும். கடையில் தொங்கும் எல்-வடிவ ஆலன் கீயை நம்பாதீர்கள். பிளக்கின் குழி ஒருமுறை உருண்டுவிட்டால், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

பட்டியலில் சேர்க்கக் கூடாத ஒன்று, ஒர்க்ஷாப்பில் எப்போதும் கைக்கு அருகில் கிடக்கும் பனியன் வேஸ்ட். அதிலிருந்து பிரியும் ஒற்றை நூல் வால்வு பாடிக்குள் போனால் ஏதாவது ஒரு வால்வு மாட்டிக்கொள்ள அதுவே போதும். டிப்ஸ்டிக்கைத் துடைப்பதற்குக்கூட நூல் பிரியாத துணியோ காகிதமோ வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன்

முதல் வேலை, இப்போது ஆயில் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது. இதை யாரும் செய்வதில்லை. பழைய அளவு சரியாக இருந்தது என்று தெரிந்தால், வடிந்தது எவ்வளவோ அவ்வளவையே திரும்ப ஊற்றினால் போதும் என்ற பிடிமானம் உங்களுக்குக் கிடைக்கும்.

பிறகு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வாருங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு சேர்ந்து வடியும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பானுக்குப் பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போகிறது.

வண்டியைத் தூக்குவதில் ஒரு சலுகையும் இல்லை. காரோடு வரும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. செங்கல்லோ மரக்கட்டையோ அடுக்கி வைத்துவிட்டு அடியில் படுப்பவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். நல்ல ஆக்சில் ஸ்டாண்டு நான்கு, அல்லது பள்ளம் உள்ள ஒர்க்ஷாப்பில் அரை நாள் வாடகை. பின்சக்கரங்கள் தரையில் இல்லாதபோது 'பி'-யில் போட்டிருப்பது எதையும் பிடித்து நிறுத்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

டிப்ஸ்டிக் குழாய் வழியாகத்தான் புது ஆயில் உள்ளே போக வேண்டும். அதனால் டிப்ஸ்டிக்கின் தலையில் உள்ள பூட்டு நெம்பு திறக்கிறதா, உங்கள் புனல் அந்தக் குழாய்க்குள் இறங்குகிறதா என்று வடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வடித்தல்

பானின் ட்ரெயின் பிளக் 5 மி.மீ. ஆலன். குழிக்குள் பல வருடத்து மண் இறுகியிருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கிளறி எடுத்து, சாக்கெட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி முழுக்க உள்ளே இறக்கிய பிறகே திருப்புங்கள். வருவதில் ஒரு சொட்டைக்கூடத் தரையில் விடாமல் பிடியுங்கள். பின்னால் அளக்க வேண்டும்.

பெரும்பாலானோர் இத்தோடு பானைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, மூடிவிடுவார்கள். அப்போது கன்வர்ட்டருக்குள் இருக்கும் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பழைய ஆயில் அப்படியே நிற்கும். அடுத்த நாள் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் புது ஆயில் ஏற்கனவே பழுப்பாகியிருக்கும். பல கார்களில் கன்வர்ட்டருக்கு ட்ரெயின் பிளக்கே கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள், பாவம். உங்கள் வண்டியில் இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு திறப்பு இருக்கும். கன்வர்ட்டர் எஞ்சினோடு சேர்ந்து சுழல்வதால், அதன் பிளக் அந்தத் திறப்புக்கு நேராக வரும்வரை எஞ்சினைக் கையால் திருப்ப வேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் முன்னால் நின்று 27 மி.மீ. சாக்கெட்டால் கிராங்க் போல்ட்டைத் திருப்ப, இன்னொருவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு "போதும்" என்று குரல் கொடுக்கலாம். எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். தாண்டிப் போய்விட்டதே என்று பின்னோக்கித் திருப்பினால் டைமிங் செயினுக்கு ஆகாது. இன்னொரு முழுச் சுற்று சுற்றி வாருங்கள். டீசல் எஞ்சின் என்றால் கம்ப்ரஷன் எதிர்த்து நிற்கும், நிதானமாக இழுத்தால் வந்துவிடும். ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி நேராக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். அடியில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

கன்வர்ட்டர் பிளக்கும் அதே 5 மி.மீ. கழற்றியதும் வேகமாகக் கொட்டும், பிறகு நெடுநேரம் சொட்டும். அது சொட்டி முடியட்டும் என்று டீ குடிக்கப் போவதற்கு முன், கழற்றிய பிளக்கைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். இதை மாட்ட மறந்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், ஊற்றியது அத்தனையும் பெல் ஹவுசிங் வழியாகத் தரைக்கு வந்துவிடும். வடிந்து முடிந்ததும் வேறெதையும் தொடுவதற்கு முன் புது வாஷரோடு இதை மாட்டி 14 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிடுங்கள். பான் பிளக்குக்கும் அதே அளவுதான்.

பானுக்குள் என்ன இருக்கிறது?

பானைக் கழற்றும்போது அடியில் இன்னும் கொஞ்சம் ஆயில் நிற்கும், மட்டமாகவே இறக்குங்கள். உடனே துடைத்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் வைத்து அடித்தட்டை விரலால் தடவிப் பாருங்கள்.

மாவுபோல மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருந்தால் கவலை இல்லை. கிளட்ச் தட்டுகள் வருடக்கணக்கில் தேய்ந்த தூள் அது, எல்லாப் பெட்டியிலும் இருக்கும். விரலில் உறுத்தும் மினுமினுப்பான துருவல் வேறு கதை. வெள்ளையாக இருந்தால் அலுமினியம், மஞ்சளாக இருந்தால் புஷ். பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக வந்தால் கிளட்ச் லைனிங் உரிந்துகொண்டிருக்கிறது. ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால், பெட்டி எப்போதோ வழுக்கிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். பார்க்கவே பயப்பட வேண்டியது இளஞ்சிவப்பு நிறத்தில் பால்போல் கலங்கிய ஆயில். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அந்தக் கூலன்ட் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையையே தளர்த்திவிடும். அப்படியானால் இன்று ஆயில் மாற்றிப் பயனில்லை. முதலில் ரேடியேட்டர், பிறகு பெட்டியைத் திறந்து பார்ப்பது.

"பழைய கியர்பாக்ஸுக்குப் புது ஆயில் ஊற்றினால் பெட்டி போய்விடும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். காரணத்தில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு ஆயில் ஞாபகமே வருகிறது. அதற்குள் கிளட்சில் லைனிங் மிச்சமிருக்காது. ஆயில் மாற்றிய மறுவாரம் வண்டி நின்றால் பழி ஆயில் மேல் விழுகிறது. வழுக்காத, கருகல் வாடை இல்லாத பெட்டிக்கு எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் தயங்காமல் மாற்றலாம். ஏற்கனவே வழுக்கும் பெட்டிக்கு மாற்றினால், அது குணமாகும் என்று எதிர்பார்க்காமல் மாற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கன்வர்ட்டரே தனியாக வடியும் பெட்டிக்கு அதன் தேவை என்ன?

ஃபில்டரைச் சின்னத் திருகுகள்தான் பிடித்திருக்கின்றன. அலுமினியத்தில் ஏறும் திருகுகள் என்பதால் கை இறுக்கமே போதும். பானைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, முழுக்கக் காயவிட்டு, ரப்பர் கேஸ்கட்டை அதன் இடத்தில் சுருக்கமில்லாமல் உட்காரவைத்து மாட்டுங்கள். சீலன்ட், பசை எதுவும் வேண்டாம். பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஃபில்டரை அடைக்கும். பான் போல்ட்டுகளுக்கு 8 நியூட்டன் மீட்டர். எதிரெதிராக, சிறிது சிறிதாக. கசியும் பானை இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நினைப்பவர்கள் பான் விளிம்பை வளைத்து, நிரந்தரமாகக் கசியவைக்கிறார்கள்.

ஊற்றுவதும் அளப்பதும்

வடித்த பழைய ஆயிலைக் காலி லிட்டர் டப்பாக்களில் ஊற்றி எவ்வளவு வந்தது என்று பாருங்கள். ஆறு லிட்டருக்குப் பக்கத்தில் வந்தால் கன்வர்ட்டர் ஒழுங்காக வடிந்திருக்கிறது.

வண்டியைக் கீழே இறக்கி மட்டமான தரையில் நிறுத்துங்கள், பேட்டரி வயரை மாட்டுங்கள். எஞ்சினை அணைத்த நிலையிலேயே புனல் வைத்து 4 லிட்டர் ஊற்றுங்கள். அதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது; பம்பு காற்றை உறிஞ்சும். இனி 'பி'-யில் வைத்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கன்வர்ட்டர் நிரம்ப நிரம்பப் பானில் அளவு இறங்கும். எஞ்சின் ஓட ஓட மீதியில் பெரும்பகுதியை மெதுவாக ஊற்றிவிட்டு அரை லிட்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, எல்லா நிலைக்கும் கொண்டுபோய் மீண்டும் 'பி'-க்கே வாருங்கள்.

இப்போதுதான் டிப்ஸ்டிக். இந்தக் குச்சியில் உள்ள இரண்டு கோடுகளும் ஆயில் 80 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது பார்ப்பதற்காகப் போட்டவை. எஞ்சின் சூட்டுமானி 80-ஐக் காட்டுவதை வைத்து ஏமாறக் கூடாது. கியர்பாக்ஸ் ஆயில் அந்தச் சூட்டுக்கு வர நிறைய நேரம் ஆகும், கொஞ்ச தூரமாவது ஓட்டியாக வேண்டும். 20–30 டிகிரியில் இருக்கும் ஆயில், கீழ்க்கோட்டுக்கும் கீழே 30 மி.மீ. வரை நின்றால் அதுவே நிறைந்த அளவு. இது தெரியாமல் குளிர்ந்த வண்டியில் மேல்கோடு வரை ஊற்றியவர், சூடேறி விரியும்போது பெட்டியை அளவுக்கு மீறி நிரப்பியவராகிறார்.

மீறினால் என்ன ஆகும்? சுழலும் பாகங்கள் ஆயிலில் முக்குளித்து நுரை எழுப்பும். நுரையில் இருப்பது காற்று, காற்று அமுங்கும், கிளட்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் குறையும். வெளியே தெரிவதோ ஆயில் குறைந்த வண்டியின் அதே அறிகுறிகள்: தாமதமாக விழும் கியர், வழுக்கல். ஆயில் போதவில்லை என்று இன்னும் ஊற்றத் தோன்றும்.

எஞ்சின் அணைந்த நிலையில் பார்ப்பதும் ஆகாது. நிற்கும் வண்டியில் கன்வர்ட்டர் ஆயில் மெல்ல மெல்லப் பானுக்கு இறங்கிவிடும். காலையில் குச்சியை எடுத்தால் மேல்கோட்டுக்கு வெகு மேலே நனைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அதிகமாகிவிட்டதென்று வடித்தவர்கள் உண்டு.

ஆகவே: மட்டமான தரை, 'பி' நிலை, ஐடிலில் எஞ்சின். பூட்டு நெம்பைத் திறந்த நிலையிலேயே வைத்துக் குச்சியை முழுக்க உள்ளே தள்ளி எடுங்கள். குழாயின் உட்சுவரில் புது ஆயில் வழிந்துகொண்டிருப்பதால் முதல் ஒன்றிரண்டு முறை குச்சி முழுவதும் நனைந்தே வரும். சற்றுப் பொறுத்து, துடைத்துவிட்டு, இரண்டு முறை ஒரே மாதிரி காட்டிய பிறகு நம்புங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 0.3 லிட்டர் மட்டுமே. எனவே கடைசியில் 100 மில்லி, 100 மில்லியாக ஊற்றுங்கள். கோடுகளுக்கு நடுவில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மேல்கோட்டைத் தொட வேண்டுமென்ற ஆசை தேவையில்லை. ஆயிலைச் சேர்ப்பது சுலபம், எடுப்பதற்கு மறுபடி அடியில் படுக்க வேண்டும்.

மாற்றிய பிறகும் கியர் உதைத்தால்

ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் வாக்குவம் குழாய்களைப் பாருங்கள். இந்தப் பெட்டியில் கியர் எவ்வளவு மென்மையாக மாற வேண்டும் என்பதை, பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பாவுக்கு எஞ்சின் பக்கமிருந்து வரும் வாக்குவம்தான் சொல்கிறது. நாற்பது வருட ரப்பர் இணைப்பில் எங்காவது வெடிப்பு இருந்தால், எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் கியர் உதைக்கும். மாடுலேட்டரிலிருந்து அந்தக் குழாயைக் கழற்றி முனையைப் பாருங்கள். சிவப்பு ஈரம் இருந்தால் உள்ளிருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் டிப்ஸ்டிக்கில் மட்டும் அளவு குறைந்துகொண்டே போகும் வண்டிகளில் ஆயில் போகும் வழி பலமுறை இதுதான். பெட்ரோல் வண்டியானால் அந்த ஆயில் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு எரிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையாக வரும். மாடுலேட்டரின் திருகைத் திருப்பி மென்மையாக்கித் தருகிறேன் என்பவரிடம், முதலில் வாக்குவம் அளவைக் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தத்தைக் குறைத்துக் கொண்டுவரும் மென்மைக்கு விலை கொடுப்பது கிளட்ச் தட்டுகள்.

அமெரிக்காவில் விற்ற வண்டிகளின் கையேடு 30,000 மைலுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்கிறது. ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டி அந்தத் தூரத்தை ஓட எத்தனையோ வருடம் ஆகும். அதற்கு நான் மூன்று நான்கு வருடக் கணக்கு வைப்பேன். நிற்கும் பெட்டியும் மூச்சுத் துவாரம் வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு சூடான ஆயிலில் ஒருமுறை அளவைப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் அட்டை ஒன்றை விரித்து வைத்தால் எங்கே சொட்டுகிறது என்று காலையில் தெரிந்துவிடும். பானின் நடுவில் என்றால் ட்ரெயின் பிளக் வாஷர், விளிம்பில் என்றால் கேஸ்கட், பெல் ஹவுசிங் திறப்பில் என்றால் கன்வர்ட்டர் பிளக்கோ முன் சீலோ. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், அளந்த அதே டப்பாக்களில் மூடி, கழிவு ஆயில் எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். டப்பா மேல் தேதியும் வடிந்த அளவும் எழுதி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை எத்தனை லிட்டர் வாங்குவது என்று கையேட்டைத் தேட வேண்டியிருக்காது.